கொழிஞ்சியை அடையாளம் அறியும் விதம்

(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



தவணை பாக்கியைக் கேட்க வரும் இன்ஸ்பெக்டர் இன்று கையில் செடிக்கட்டோடு வந்து நிற்பதைக் கண்டு தங்களில் சிலர் புன்னகை செய்வதைக் கவனித்தேன். நான் தாவர சாஸ்திரம் கற்றவனல்லன். மெட்ரிகுலேஷன் வரையில் வாசித்து, பின்பு இலாகாவில் சேர்ந்து, பற்று வரவுப் புஸ்தகங்களோடு காலங்கழித்து வருகிறவன். ஆயினும் ஒரு செடியின் பெயரைப் பிழையாக எழுதியதனால் ஒரு சங்கத்தின் பணம் எவ்விதம் மண்ணாயிற்று என்பதை நான் கண்ணாரக் கண்டேன். அப்பிழையைச் செய்தவனும் நானே. ஆகையால் அதைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

அமராவதி வாய்க்கால் பாய்ச்சலுள்ள ஒரு கிராமத்துச் சங்கத்தில், நன்செய்க்குத் தழையுரம் போதாத குறை வெகுநாளாக இருந்து வந்தது. கரட்டுச் சரிவில் வெட்டி வரும் தழை வருஷாவருஷம் குறைந்துகொண்டே போயிற்று. அதனால், அறுவடையான வயலில் கொழிஞ்சி விதைத்து, ஆனி ஆடியில் மடக்கி உழுவதென்றும், விதையைச் சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குக் கடனாகக் கொடுப்பதென்றும் பஞ்சாயத்தார் தீர்மானம் செய்தார்கள். விலை விசாரித்து வந்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அதில் கொழிஞ்சிக்கு இங்கிலீஷ்காரர் வழங்கும் பெயரைக் கண்டேன். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காட்டு அவுரி' என்றாகும். நானும் அப்படியே பெயர்த்துக் காரியதரிசிக்கு எழுதிக் கொடுத்தேன். அவரும் அதே சொல்லைப் போட்டு வியாபாரிக்கு ஆர்டர் அனுப்பினார். வியாபாரி பேரில் குறை சொல்வதற்கில்லை. காட்டு அவுரி கேட்டோம். அவர் மலையடிவாரத்து ஜனங்களிடம் காட்டு அவுரியும், 'அது மாதிரியான செடி' என்று அவர்கள் சொன்னதெல்லாமும் சேர்த்து வாங்கி, ஆறு மூட்டை அனுப்பிவிட்டார்.

விதை பங்கிடப்பட்டது. பங்குனி பிறந்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது வயல்கள் சொட்டைத் தலைபோல் கிடந்தன. ஓரிரண்டு வயலில் செழிப்பான கொழிஞ்சி; சிலவற்றில் முட்செடி; பலவற்றில் சாண் உயரத்தில் ஏதோ மெலிந்த பூண்டு; பாதி நிலத்தில் ஒன்றுமேயில்லை. குத்தகை நிலத்தை வைத்துக் குடும்பம் நடத்தும் ஓர் அம்மையார், சங்கத்து விதையை நம்பி வேறு தழைக்கு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டார். அவ்வருஷம் அவர் உரமில்லாமலே நடவு நட்டார். இருந்தும் கெடு நாளன்று விதைக் கடனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "விதை முளைக்கவில்லை ஐயா, கடன் மட்டும் முளைத்துவிட்டது" என்றார். அந்தப் பணத்தை வாங்கி ரசீது எழுதும்போது என் கை கூசியது.

அதன் பின்பே விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு கரட்டுச் சரிவுக்குப் போனேன். அவர் எனக்குக் காட்டியதையும், பின்பு நானாகப் பல சரிவுகளில் திரிந்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இப்போது சொல்லுகிறேன். செடிகளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஆளுக்கொரு கிளையாக வாங்கிக்கொண்டு, நான் சொல்லச் சொல்லப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

கொழிஞ்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரை, துவரை, கொள்ளு, பயறு இவற்றின் பூவைப் பார்த்திருக்கிறோம். மேலே கொடிபோல் நிமிர்ந்த ஓர் இதழ், இரு புறமும் சிறகுபோல் இரண்டு, அடியில் படகுபோல் கூடிய இரண்டு, ஆக ஐந்து இதழ்கள். கொழிஞ்சிப் பூவும் அதே அமைப்புத்தான், அளவில் சிறியது, நிறம் கருஞ்சிவப்புக் கலந்த ஊதா. காய் இரண்டு ஓடுகளாகப் பிளந்து விதையைச் சிதறும். வேரில் மணி மணியாக முண்டுகள் இருக்கும். அம்முண்டுகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்பதை ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1886-இல் வெளியிட்டார்கள். நம் பாட்டனார்கள் காரணம் அறியாமலே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். காய்ந்த கொழிஞ்சித் தழையில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு தழைச்சத்து உண்டு.

ஆனால் வேர்முண்டும், பிளக்கும் காயும், ஐந்திதழ்ப் பூவும் அவுரிக்கும் உண்டு. குடும்பம் ஒன்றாக இருப்பதால் முகஜாடையும் ஒன்றாக இருக்கிறது. இங்கேதான் மோசம் போகிறோம். ஆகவே எந்த அடையாளம் மாறும், எந்த அடையாளம் மாறாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உயரம் மாறும். கரட்டின் உச்சிச் சரிவில், பாறை இடுக்கில் வேர்விட்ட கொழிஞ்சி முக்கால் அடிக்குமேல் வளராமல் தரையோடு படர்ந்து கிடக்கும். அதே செடியின் விதை மழைநீரில் உருண்டு அடிவாரத்து வண்டல் மண்ணில் விழுந்தால் இரண்டரை அடி உயர்ந்து புதராக நிற்கும். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஜாதியென்று நம்புவது கஷ்டம். தழையின் நிறமும் மாறும். வறட்சியில் சாம்பல் பூத்திருக்கும், ஈரத்தில் பசுமை ஏறும். பூவின் நிறங்கூட மாறும். அபூர்வமாக வெள்ளைப் பூப் பூக்கும் கொழிஞ்சியும் உண்டு. வைத்தியர்கள் அதைத் தேடிப் போவார்கள். பூ வெளுத்திருப்பதால் மட்டும் அது வேறு ஜாதி ஆகிவிடாது; வெள்ளைக் காளையும் மயிலைக் காளையும் ஒரு பசுவின் வயிற்றில் பிறக்கவில்லையா?

மாறாதவை நான்கு. இவற்றை மனத்தில் வைத்தால் போதும்.

தாங்கள் கையிலுள்ள இணுக்கைப் பாருங்கள். நடு ஈர்க்கின் இரு பக்கத்திலும் சிற்றிலைகள் சோடி சோடியாக வந்து, நுனியில் ஒற்றையிலை ஒன்று நிற்கிறது. ஆகவே எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில் முடியும். பெரும்பாலும் 11 முதல் 21 வரை இருக்கும். சிற்றிலை அடியில் குறுகி, நுனிப் பக்கம் அகன்று, நுனியில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு கூர் இருக்கும். இப்போது ஒரு சிற்றிலையைக் கிள்ளி, அடியை ஒரு கையிலும் நுனியை மற்றொரு கையிலும் பிடித்து மெதுவாக இழுங்கள். குறுக்காகக் கிழிந்ததா? இல்லை. மீன் வாலைப்போல், கவட்டை வடிவமாக அறுந்திருக்கும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் சாய்வாகவும் ஒன்றுக்கொன்று நெருங்கி ஒரே வரிசையாகவும் ஓடுவதனால், இலை நரம்பின் வழியே பிரிகிறது. இனி அவுரி இலையை இழுத்துப் பாருங்கள், கண்டபடி கிழிகிறது. இந்தப் பரீட்சைக்குக் காசும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஆடு மேய்க்கும் சிறுவர்களுக்கு இதைக் கற்பித்தேன். அரை மணி நேரத்தில் அவர்கள் என்னைவிட வேகமாகப் பிரிக்கலானார்கள்.

இரண்டாவது, பூங்கொத்து நிற்கும் இடம். அவுரியில் பூங்கொத்து இலையும் தண்டும் சேரும் கக்கத்திலிருந்து கிளம்பும். கொழிஞ்சியிலோ, பெரும்பாலும் தண்டின் ஒரு பக்கம் இலையும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பூங்கொத்துமாக நிற்கும். கிளை நுனியிலும் வரும். நான் இதை முதலில் நம்பவில்லை. நூறு செடி எண்ணிப் பார்த்த பிறகு நம்பினேன்.

மூன்றாவது, காய். கொழிஞ்சிக் காய் தட்டையானது. ஒன்றரை அங்குல நீளம், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். விதையிருக்கும் இடம் வெளியே மேடாகத் தெரியும். முற்றி வெடித்தபின் ஓடுகள் முறுக்கிக்கொள்ளும். அவுரிக் காய் உருண்டு மெலிந்து சிறு குச்சிபோல் இருக்கும். இருட்டில் விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம்: உருண்டால் அவுரி, உருளாவிட்டால் கொழிஞ்சி.

நான்காவது, மயிர். பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். அவுரி இலையிலுள்ள மயிர் ஒவ்வொன்றும் நடுவில் ஒட்டிக்கொண்டு இரு முனையும் இரு பக்கம் படுத்திருக்கிறது, தராசுக் கோலைப்போல. கொழிஞ்சி மயிர் ஒரு முனையில் மட்டும் ஒட்டி நிற்கிறது. இது பண்டிதர்களுக்கு மிகவும் பிடித்த அடையாளம். நமக்கு முன் சொன்ன மூன்றே போதுமென்றாலும், இவ்வளவு சிறிய மயிரிலும் ஒரு குலத்தின் முத்திரை இருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. தாவர சாஸ்திரிகள் வகைப்படுத்தியிருக்கும் முறைப்படி, கொழிஞ்சிக்கு அவுரியைக் காட்டிலும் நமது புங்க மரமே கிட்டிய உறவு. தோற்றத்தில் புங்கு எங்கே, கொழிஞ்சி எங்கே! முகஜாடையைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அவுரியை இவ்விதம் விலக்கிவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. சரிவில் கொழிஞ்சி ஜாதியிலேயே பங்காளிகள் இருக்கிறார்கள். அவற்றின் இலையும் மீன் வாலாகவே அறும். ஒன்று முட்கொழிஞ்சி. இலையடியில் இருக்கவேண்டிய சிறு செதில்கள் இதில் முள்ளாக மாறியிருக்கும். சிற்றிலைகளும் சில சோடிகளே. பூ கொத்தாக நீளாமல் இலைக் கக்கத்தில் ஒன்றிரண்டாக இருக்கும். முள் குத்தியவுடன் தெரிந்துவிடுவதால் இதில் ஏமாறுவதற்கு இடமில்லை. ஆனால் விதை மூட்டைக்குள் முள் வராது என்பதை மறக்கவேண்டாம். மற்றொன்று செடி முழுவதும் வெண்மையான பட்டு மயிர் போர்த்தது. ஊரில் பெயர் கேட்டால் இதையும் கொழிஞ்சி என்றே சொல்லுகிறார்கள். பேச்சின் வசதிக்காகப் பஞ்சுக் கொழிஞ்சி என்று வைத்துக்கொள்வோம். இதன் காய் அரிவாளைப்போல் நன்றாக வளைந்து, மேலெல்லாம் கம்பளி போர்த்தியிருக்கும். நல்ல கொழிஞ்சியின் காயில் மயிர் மிகச் சொற்பம், படிந்தும் கிடக்கும். காயைப் பார்த்தால் குழந்தையும் பிரித்துவிடும். காயை உடைத்து விதையை மட்டும் கொடுத்தால் என்னைப் போன்றவனால் பிரிக்க முடியாது.

விதை விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் பணம் போவது அங்கேதான். அவுரி விதை மிகவும் சிறியது, முனைகள் வெட்டினாற்போல் சதுரித்திருக்கும். கொழிஞ்சி விதை அதைவிடப் பெரியது, அவரை விதையைச் சிறிதாக்கினாற்போல் வளைந்து, பழுப்பும் கறுப்பும் கலந்த புள்ளியோடு இருக்கும். ஒரு பிடியை வெள்ளைத் துணியில் பரப்பினால் இவ்விரண்டும் கலந்திருப்பது உடனே தெரிந்துபோகும். அன்று நாங்கள் அந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் ஆறு மூட்டையையும் திருப்பியிருக்கலாம். ஆனால் கொழிஞ்சியின் பங்காளிகளை விதையில் கண்டுபிடிக்க இயலாதாகையால், உடைத்த விதையாக வாங்காமல் நெற்றாகவே வாங்கிச் சங்கத்துக் களத்தில் அடித்துக்கொள்வது நலம். வண்டிச் சத்தம் கொஞ்சம் அதிகமாகும்; ஆகட்டும்.

முளைக்காமற்போன வயல்களுக்கெல்லாம் கலப்பே காரணமென்று நான் சொன்னால் அது நியாயமாகாது. கொழிஞ்சி விதையின் தோல் கடினமானது. மெழுகு பூசினாற்போல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் சிறிது முளைக்கும். மீதி மண்ணில் கிடந்து அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் முளைக்கும். ஒருதரம் விதைத்த வயலில் கொழிஞ்சி தானாக வந்துகொண்டிருப்பதன் ரகசியம் இதுவே. முதல் வருஷத்திலேயே பயிர் நிரம்ப வேண்டுமானால், விதையோடு பருமணல் கலந்து, தோல் கீறும்படி தேய்க்க வேண்டும், பருப்பு நசுங்கலாகாது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுப்பதும் உண்டு. ஏக்கருக்குச் சுமார் 15 ராத்தல் விதை போதும். இவற்றை அந்தச் சங்கத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கே தெரியாதாகையால்.

இனி, சங்கம் செய்யவேண்டியது என்ன? பெயரைச் சொல்லி விதை வாங்குவதை நிறுத்திவிட்டு, செடியைக் காட்டி வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெயர் ஊருக்கு ஊர் மாறும். கொழிஞ்சி என்பார்கள், கொளிஞ்சி என்பார்கள், கொழுஞ்சி என்பார்கள். இங்கிலீஷ்காரரோ அவுரியின் பெயரையே கொடுத்துவிட்டார்கள். பண்டிதர் வைத்த பெயரும் மாறியிருக்கிறது. 1670-களில் பால் ஹெர்மன் என்ற வைத்தியர் டச்சுக் கம்பெனியின் சேவையில் இலங்கைக்கு வந்து அங்குள்ள செடிகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிவைத்தார். நமது கொழிஞ்சியும் அவற்றில் ஒன்று. அச்சேகரம் பிற்பாடு சுவீடன் தேசத்து லின்னேயஸ் கைக்குப் போயிற்று. அவர் 1753-இல் இதற்குக் கிராக்கா பர்ப்பூரியா என்று பெயரிட்டார். 1807-இல் பெர்சூன் என்பவர் இதைத் தெப்ரோசியா என்ற குலத்தில் சேர்த்தார். தெப்ரோசியா என்பது சாம்பல் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வறண்ட சரிவில் நிற்கும் கொழிஞ்சியைப் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். இவ்வளவு பெயர் மாறியும் குழப்பம் நேராமல் காத்தது எது? ஹெர்மன் உலர்த்திய அந்தச் செடிதான். அது லண்டன் இயற்கைப்பொருள் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தஸ்தாவேஜுக்கு மூலப்பிரதி எப்படியோ, பெயருக்கு அந்தச் செடி அப்படி.

அவ்விதமே நமது சங்கத்திலும் ஒரு மூலச்செடி இருக்கவேண்டும். செலவு ஒன்றுமில்லை. வேர், இலை, பூ, காய் நான்கும் உள்ள செடி ஒன்றைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் விரித்து, மேலே பலகையும் கல்லும் பாரமாக வைத்து, தினம் ஒருதரம் தாளை மாற்றினால் பத்து நாளில் உலர்ந்துவிடும். தாள் மாற்றச் சோம்பினால் பூஞ்சணம் பிடிக்கும். என் முதற்செடி அப்படித்தான் போயிற்று. உலர்ந்ததைத் தடித்த அட்டையில் நூலால் தைத்து, எந்தச் சரிவில், எந்தத் தேதியில், எவ்வித மண்ணில், யார் எடுத்தது என்பதை எழுதி, ஒரு சிறு உறையில் விதையும் இட்டு, சங்கத்துச் சாமான் ஜாபிதாவில் பதிந்துகொள்ள வேண்டும். அவுரிக்கு ஓர் அட்டை, முட்கொழிஞ்சிக்கு ஒன்று, பஞ்சுக் கொழிஞ்சிக்கு ஒன்று. வியாபாரி நெற்று கொண்டுவந்தால் காரியதரிசி அட்டையை எடுத்து அவர் முன்பாகவே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். "சங்கத்திலுள்ள மாதிரிச் செடிக்கு ஒத்திராத சரக்கு திருப்பப்படும்" என்ற ஒரு வரி ஆர்டரில் இருக்கட்டும்.

வியாபாரியே வேண்டாமென்றும் ஒரு யோசனை உண்டு. நமது கரட்டில் கொழிஞ்சி இருக்கிறது. நெற்றுகள் பெரும்பாலும் தை மாசியில் முற்றும். வெடிக்குமுன் காலைப் பனியில் அறுத்தால் விதை சிதறாது. ஆனால் செடியை வேரோடு பிடுங்கலாகாது. அந்த வேர்தான் சரிவில் மண்ணை நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குச் செடிகளையாவது நெற்றோடு விட்டுவரவேண்டும். இதற்குப் பஞ்சாயத்தார் தீர்மானம் எழுதினால் மட்டும் போதாது. யார் எந்தச் சரிவில் அறுப்பது என்று ஆளும் நியமிக்க வேண்டும்.

அந்த அம்மையாரின் பணம் என்னவாயிற்று என்று அக்கிராசனர் பிரசங்கத்திற்கு முன்பே என்னைக் கேட்டார். விதைக் கடனை அங்கத்தினரிடம் வசூலிக்காமல் சங்கத்தின் நஷ்டத்தில் எழுதவேண்டுமென்று நான் குறிப்பெழுதினேன். மகாசபை அதை ஏற்றுக்கொண்டு, செலுத்தியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அவருக்கு நடவு சமயத்தில் இல்லாமற்போன தழையை ஒருவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மறு வருஷம் கரட்டில் விதை பொறுக்கப் போனவர்களில் அவரே முதலில் வந்தார். இலையை இழுத்துப் பார்க்காமல் ஒரு நெற்றையும் மடியில் கட்டவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சூரியோதயத்திற்குக் கரட்டடியில் நான் வந்து நிற்பேன். இஷ்டமுள்ளவர்கள் வரலாம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அன்று அரிவாள் வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளும், ஒரு பலகையும், கொஞ்சம் நூலும் இருந்தால் போதும்.